முன்னங்கால் மட்டும் உட்கார்ந்த யானை

"இன்னைக்கு லட்சம் பேர் இருக்கற ஒரு படையத் தரையில உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். எதிர்ப்படையையும்தான். ரெண்டு ராஜா, குதிரைங்க, யானைங்க, அத்தனையும் உக்காந்தாச்சு. சாயங்காலம் ஆனதும் எந்திரிச்சு மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு அசைவுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மச்சான், மனைவியின் அண்ணன். கடைகளில் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர். யார் என்ன சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அந்த வேலையைத் தங்கை வீட்டில் மட்டும் இலவசமாகச் செய்துகொடுப்பார். தண்ணீர் கொதித்துவிட்டது என்று தங்கை சொன்னால் மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் தலையாட்டுவார்.

வாயில் இருந்ததை அவர் நிதானமாக மென்று முடித்தார்.

"யானையுமா?"

"ஆமா மச்சான். ஆனா முன்னங்கால் மட்டும்."

"மாப்ள, சாப்பிடறப்ப சிரிக்க வைக்காதீங்க. புரை ஏறிடும்."

"சிரிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? நடந்ததைத்தானே சொல்றேன்."

"படை, ராஜா எல்லாம் இருக்கட்டும். யானை இடிக்குது."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முட்டி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். அந்த வீட்டில் விஷயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நடந்தது இதுதான்.

அசைவுக்காரர் வேலை செய்த நிறுவனம் வீடியோ கேம் தயாரிப்பது. வேலை செய்த நிறுவனம் என்று சொல்வதே தப்பு. அங்கே யாரும் வேலை செய்வதில்லை, எல்லாரும் விளையாடுகிறார்கள். ஊழியர் என்ற சொல் கிடையாது, சக ஆட்டக்காரர். மாலைக்குப் பிறகும் உட்கார வைத்து வேலை வாங்கினால் அதற்குக் கூடுதல் ஆனந்தம் என்று பெயர். வேலையை விட்டுத் தூக்கினால் அடுத்த கட்டத்துக்கு உயர்வு. லீவு என்ற பேச்சே எழாது. விளையாட்டிலிருந்து யாராவது லீவு கேட்பார்களா?

முதலாளியை எல்லாரும் 'நண்பரே' என்றுதான் அழைக்க வேண்டும். அப்படி அழைக்கத் தவறிய சிலரை நண்பர் உடனடியாக அடுத்த கட்டத்துக்கு உயர்த்தியிருக்கிறார்.

இந்த நிறுவனத்தில் அசைவுக்காரர் தந்தது தன் உடம்பை. உடம்பெல்லாம் மின்னும் குட்டி உருண்டைகள் ஒட்டிய கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, வாயருகே ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, ஒரு வெறும் கூடத்தில் ஓடுவார், பாய்வார், விழுவார். சுவரைச் சுற்றி இருக்கும் கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும் பார்த்து அவருடைய அசைவைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பிவிடும். உள்ளே போனதும் அது படைவீரனாகிவிடும். 'பெரும்படை' என்ற அந்த விளையாட்டில் வீரனும் அவர்தான், அவனை வெட்டுகிற எதிரியும் அவர்தான், இரண்டு ராஜாவும் அவர்தான். அம்பு பட்டுச் செத்திருக்கிறார், ஈட்டி பாய்ந்து செத்திருக்கிறார். அலுப்பாக இருந்த ஒரு நாள் காரணமே இல்லாமல் செத்தார். அதையும் பதிவு செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யானைக்கு முன்னங்கால் அவர். பின்னங்கால், முன்பு சர்க்கஸில் இருந்த ஒரு சாதுவான மனிதர். அவரைப் பின்னங்காலர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

இப்படி ஓடி ஓடி அசைவுக்காரரின் இடது முட்டி தேய்ந்துபோனது. டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல நல்லா ஒரு நாற்காலியில உக்காரணும். உக்காந்தா இது இன்னும் பல வருஷம் ஓடும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோங்க."

வேறு வேலை என்று எதுவும் அவருக்குத் தெரியாது. விழத்தான் தெரியும்.

மறுநாள் கூடத்தில் கேமராக்களை இயக்குகிற பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"நாற்காலின்னா ஸ்டீலுண்ணே. ஸ்டீலு மின்னும். மின்னுச்சுன்னா கேமரா அதையும் உங்க உடம்புன்னு நெனச்சுக்கும். அப்புறம் வீரனுக்கெல்லாம் இடுப்புல இருந்து நாலு காலு தனியா முளைக்கும்."

"மின்னாத நாற்காலி?"

"அதை அறநெறித் துறைதான் முடிவு பண்ணணும்."

அறநெறித் துறை என்பது அந்தக் கட்டடத்திலேயே மெத்தென்ற தரை உள்ள இடம். அதன் அதிகாரி அம்மாள், எல்லாப் பக்கமும் சுழல்கிற, சாய்கிற, தலைக்கும் கைக்கும் தனித்தனியாகத் திண்டு வைத்த ஒரு நாற்காலியில் இருந்து அவரை வரவேற்றாள். ஒரு சின்ன மணியை அடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"உங்கள் வலியைக் கேட்கிறேன்."

"அதுல சத்தம் ஒண்ணும் வராதும்மா. குடைச்சல்தான்."

"குறையாகச் சொல்லாதீர்கள். இங்கே எதையும் பாராட்டாகத்தான் சொல்ல வேண்டும். அது நம் அறநெறியின் முதல் விதி."

அசைவுக்காரர் யோசித்தார். "என் முட்டி ரொம்ப நல்லா வலிக்குது."

"பார்த்தீர்களா, கேட்கவே எவ்வளவு இதமாக இருக்கிறது." அவள் நாற்காலியோடு ஒரு அரைவட்டம் சுழன்றாள். "நாற்காலி என்பது என்ன? ஒருவர் உட்கார, இன்னொருவர் நிற்க வைக்கிற ஏற்பாடு. நம்மிடம் ஏற்றத்தாழ்வு கிடையாது. உங்களுக்கு மட்டும் நாற்காலி கொடுத்து, உங்களை மற்றவர்களைவிட மேலே வைத்து, அந்தப் பாவத்தை உங்கள் தலையில் கட்டமாட்டோம்."

அவர் நின்றபடியே நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. அடுத்த வாரமே மகிழ்ச்சி அதிகாரி என்ற ஒருவர் எல்லாரையும் பெரிய கூடத்துக்கு அழைத்து, கற்பனை நாற்காலிப் பயிற்சி நடத்தினார். பலூன் கட்டியிருந்தார்கள்.

"உண்மையான நாற்காலி ஒரே இடத்தில் இருக்கும்," என்றார் மகிழ்ச்சி அதிகாரி. "துருப்பிடிக்கும். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கற்பனை நாற்காலியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இதோ, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள். உட்காருங்கள். சாய்ந்துகொள்ளாதீர்கள், சாய்மானம் அடுத்த பயிற்சியில்தான் வரும்."

அத்தனை பேரும் காற்றில் உட்கார்ந்தார்கள். தொடைகள் நடுங்கின. படம் வரைகிறவர்கள், சோதனை செய்கிறவர்கள், கணக்குப் பிரிவு, வாசல் காவலாளி, எல்லாரும் புன்னகையோடு வியர்த்தார்கள். அந்த அமைதியில் அசைவுக்காரரின் முட்டி 'டக்' என்றது. கடைசி வரிசையில் இருந்தவர் பலூன் வெடித்தது என்று நினைத்துக் கைதட்டினார்.

பயிற்சியை முடித்ததற்காக அவர் நெஞ்சில் நாற்காலிப் படம் போட்ட ஒரு பளபளப்பான பேட்ஜைக் குத்திவிட்டார்கள். அன்று பதிவான வீரர்கள் அனைவருக்கும் நெஞ்சில் ஒரு கொம்பு முளைத்தது.

விஷயம் நண்பர் காதுக்கு எட்டியது. நிர்வாகக் கூட்டத்துக்கே வந்து பேசும்படி அசைவுக்காரருக்குச் சொல்லியனுப்பினார்.

கூட்ட அறையில் நீண்ட மேசை. எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது, ஒன்றில் மட்டும் இல்லை. மரத்தில் செய்தது, வார்னிஷ் பூசாதது, துளிகூட மின்னாதது. அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கம்பளம்கூட விரித்திருந்தார்கள். அசைவுக்காரர் தனக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் போய் உட்காரப் பார்த்தார்.

அறநெறி அதிகாரி பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள். "அது தொழிலாளர் நாற்காலி."

"தொழிலாளருக்கா?"

"ஆம். நம் நிறுவனத்தில் தொழிலாளர் என்ற சொல்லுக்கு அனுமதி உள்ள ஒரே இடம் இது. தொழிலாளரின் குரல் எப்போதும் நம்மோடு இருக்கிறது என்பதைக் காட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் காலியாக வைக்கிறோம். இதற்காகவே தனியாக ஒரு சிற்பியிடம் செய்தோம்."

"நானும் தொழிலாளிதானேம்மா?"

"நீங்கள் ஒரு தொழிலாளி. அது தொழிலாளர்."

அவர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

நண்பர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, முதலில் ஒரு நல்ல செய்தி. நம் கம்ப்யூட்டர் இனி உடம்பைப் பார்த்துத் தானாகவே பாடம் படித்துக்கொள்ளும். ஆகவே பதிவில் இருக்கிற வேண்டாத பகுதிகளை நறுக்கி எடுக்கும் பிரிவு தேவையில்லை. அந்தச் சகோதரிகள் அனைவரையும் அடுத்த கட்டத்துக்கு உயர்த்துகிறோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

எல்லாரும் மரியாதையோடு காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அது ஒன்றும் சொல்லவில்லை.

"தொழிலாளர் தரப்பில் எதிர்ப்பு இல்லை," என்றாள் அறநெறி அதிகாரி. "அடுத்து, கூடத்துக்கு நாற்காலி தேவையில்லை என்ற தீர்மானம்."

"நண்பரே, நான் ஒண்ணு..." என்று அசைவுக்காரர் வாயெடுத்தார்.

"கொஞ்சம் இருங்கள். தொழிலாளர் பேச வாய்ப்புக் கொடுப்போம்."

மறுபடி எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். மறுபடி அது ஒன்றும் சொல்லவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வரும்போது நண்பர் அவர் தோளில் கைபோட்டு, "பாத்தீங்களா, உங்க ஆளே எங்க பக்கம்," என்றார்.

மறுநாள் காலை பதிவு. "தாக்கு" என்றால் ஓட வேண்டும். அவர் ஓடினார். மறுபடி "தாக்கு". ஓடினார். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை. கடைசியில் பாதிக் கூடத்தில் நின்றார். இடது கையால் இடது முட்டியைப் பிடித்து, வலது கையைத் தரையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "உஸ்ஸ்... அப்பாடா," என்று வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, தாக்கு," என்றாள் கேமராக்காரப் பெண்.

"நாற்காலி வரட்டும்மா."

"தாக்குண்ணே."

"நீ எவ்வளவு கத்தினாலும் எந்திரிக்கிறதா இல்ல."

அவள் அடுத்த பதிவுக்குத் தாவினாள். "யானையையாவது எடுத்துரலாமா?"

"யானைக்கும் முட்டிதானே?"

பின்னங்காலரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து வழக்கம்போல அசைவுக்காரருக்குப் பின்னால் குனிந்து நின்றார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவராக எதுவும் செய்கிற ஆளும் இல்லை. நாள் முழுக்க அப்படியே போனது. மாலை ஆனதும் அசைவுக்காரர் மெதுவாக எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டு, "போலாமா?" என்று பின்னங்காலரிடம் கேட்டார். இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

கேமராக்களை யாரும் அணைக்கவில்லை. அணைக்க மறந்துவிட்டதாகக் கேமராக்காரப் பெண் பிற்பாடு சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் பச்சைக்குழந்தை மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டர் அத்தனையையும் பார்த்துச் சமர்த்தாகப் பாடம் படித்தது. நறுக்கி எடுக்கவேண்டியவர்கள் அடுத்த கட்டத்தில் இருந்தார்கள். சோதனைப் பிரிவு மட்டும் கண்டுபிடித்தது. ஆனால் எதையும் பாராட்டாகத்தான் சொல்ல வேண்டும் என்பதால், 'வீரர்கள் அபாரமான நிதானத்தோடு இருக்கிறார்கள்' என்று நண்பருக்குச் சொல்லியனுப்பினார்கள். நண்பர் மனம் குளிர்ந்தார்.

வெளியீட்டு விழா அன்றைக்குப் பெரிய அரங்கம். கூரை வரைக்கும் திரை. பணம் போட்டவர்கள் முன் வரிசையில், விளையாட்டு ரசிகர்கள் பின்னால். அசைவுக்காரர் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இந்த விளையாட்டை உருவாக்கும்போது ஒருவர்கூடக் கஷ்டப்படவில்லை," என்றார் நண்பர். "கஷ்டப்பட்டதாகச் சொன்னவர்களின் குரலுக்குக் காதுகொடுத்தோம். அவர்கள் இப்போது நம்மிடையே இல்லை. இனி, உலகத்திலேயே மிகக் கீழ்ப்படிதலுள்ள படையைப் பாருங்கள்."

கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, தாக்கு என்று பொத்தானை அமுக்கினார்.

லட்சம் பேர் ஓடினார்கள். எதிரே இன்னொரு லட்சம். அரங்கமே அதிர்ந்தது. நண்பர் உற்சாகத்தில் மறுபடி அமுக்கினார், மறுபடி அமுக்கினார். இரண்டு படையும் மோதுகிற நேரத்தில், மைதானத்தின் நடுவில், எல்லாரும் நின்றார்கள். லட்சம் இடது கைகள் லட்சம் இடது முட்டிகளைப் பிடித்தன. லட்சம் பேர் ஒரு கண்ணை மூடினார்கள்.

"உஸ்ஸ்... அப்பாடா."

உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்ப்படை அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்தது. குதிரைகள் உட்கார்ந்தன. சிம்மாசனத்தில் இருந்த ராஜா இறங்கிவந்து அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், எதிரி ராஜாவும் உட்கார்ந்தார். யானைகள் முன்னங்காலை மடித்து உட்கார்ந்தன. பின்னங்கால்கள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு மலைத்தொடர் மாதிரி யானைகளின் பின்பக்கங்கள் வானத்தைப் பார்த்து வரிசையாக நின்றன.

நண்பர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார்.

"நாற்காலி வரட்டும்மா," என்றது படை.

முன் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பின் வரிசைகளில் சிரிப்பு வெடித்துவிட்டது. நண்பர் மைக்கிலேயே, "எந்திரிங்கடா," என்று கத்தினார். அந்த நிறுவனத்தில் நட்பு முடிவுக்கு வந்தது அந்த இடத்தில்தான்.

சிறிது நேரத்தில் விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்தது. லட்சம் பேர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்த எதிரியைத் திரும்பிப் பார்த்து, "போலாமா?" என்று கேட்டார். இரண்டு படையும் கலந்து, நொண்டிக்கொண்டே, திரையை விட்டு வெளியே போய்விட்டது. ராஜாக்களும் போய்விட்டார்கள். கடைசியில் திரையில் ஒரு காலி சிம்மாசனம் மட்டும் இருந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

இதைத்தான் அசைவுக்காரர் அன்று சாப்பாட்டு மேசையில் சுருக்கமாகச் சொன்னார். மச்சான் கைகழுவும்போதும், "யானை இடிக்குது மாப்ள," என்றார்.

மறுநாள் காலை நண்பரே பதிவுக் கூடத்துக்கு வந்தார். அவர் அங்கே கால்வைத்தது அதுவே முதல் தடவை. பின்னால் அறநெறி அதிகாரி. நறுக்கி எடுக்கும் பிரிவைத் தவிர மற்ற எல்லாப் பிரிவும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

"ஒழுங்கா ஒரு தடவை தாக்கிக் காட்டுங்க. அதை வச்சு எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்," என்றார் நண்பர். பேசிக்கொண்டே இடுப்பைப் பிடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க உக்கார எதுவும் கிடையாதா?"

"கற்பனை நாற்காலி இருக்கு நண்பரே," என்றாள் கேமராக்காரப் பெண். "எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் படம் வரைகிறவர்கள் ஒவ்வொருவராக முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். சோதனைப் பிரிவும் உட்கார்ந்தது. வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பின்னங்காலர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். யாரும் சொல்லாமல் தானாகவே உட்கார்ந்தார்.

"என்னதான்யா வேணும்?" என்றார் நண்பர்.

"மின்னாத நாற்காலி," என்றார் அசைவுக்காரர். "கூட்ட அறையில ஒண்ணு சும்மா கிடக்கு."

"அதில் யாராவது உட்கார்ந்தால் அது வெறும் நாற்காலி ஆகிவிடும்," என்று அறநெறி அதிகாரி அலறினாள்.

"அப்புறம், நான் உக்கார்றதை யாராவது நறுக்கி எடுக்கணுமே. இல்லேன்னா படை மறுபடி உக்காந்துடும். அந்தப் பொண்ணுங்களையும் திரும்பக் கூப்பிடணும்."

நண்பர் நின்றுகொண்டே யோசித்தார். நிற்பதே சிரமமாக இருந்ததால் யோசனை சீக்கிரம் முடிந்தது.

"கொண்டுவாங்க," என்றார்.

நான்கு பேர் சிவப்புக் கம்பளத்தோடு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். அறநெறி அதிகாரி மணியடித்தபடி பின்னால் வந்தாள். அப்படி ஒரு சடங்காவது இருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். அசைவுக்காரர் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். சாய்மானம் இருந்தது. மத்தியானத்துக்குள் நறுக்கும் பெண்கள் திரும்பி வந்தார்கள். அவர் எழுந்து, ஒரு தடவை அழகாகத் தாக்கிக் காட்டினார்.

அந்தத் தாக்குதல் விளையாட்டில் ஏறவே இல்லை. உட்காருகிற படைதான் வேண்டும் என்று ரசிகர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பழைய பிரதி கடைகளில் பறந்தது. அறநெறித் துறைக்கு ஒரு விருது கொடுத்தார்கள். "உட்காருதலில் எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை உண்டு," என்று அதிகாரி மேடையில் பேசினாள். "அதற்காக எத்தனையோ பேரை நிற்க வைத்து ஆராய்ந்தோம்." நிர்வாகக் கூட்டத்தில் இப்போது ஒரு கற்பனை நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை உண்டா என்று அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சிலர் வேறு பக்கம் பார்த்துவிடுவதாகக் கேள்வி.

மச்சானிடம் எதுவும் எடுபடவில்லை. "நாற்காலி குடுத்தாங்கன்னு சொல்றீங்க, நம்பறேன். முட்டி பரவாயில்லைன்னு தங்கச்சியும் சொல்றா. மத்ததெல்லாம் வேண்டாம் மாப்ள."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். பேசாமல் கைகழுவினார். பேசாமல் மேசைக்கு வந்தார். தங்கை, "சாதம் சூடா இருக்குண்ணே," என்றாள். அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

அவள் பயந்துபோனாள். "என்னண்ணே, உடம்புக்கு ஏதாவதா?"

"கடைத்தெருவுல தராசு பாக்கப் போனேன். பக்கத்துக் கடையில அந்தக் கேமை வச்சிருந்தான். யார் வேணா தொட்டுப் பாக்கலாமாம்."

அசைவுக்காரர் நிமிரவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தாக்குன்னேன். ஓடினாங்க. திரும்பத் திரும்பத் தாக்குன்னேன். ஒரு பய என் பக்கத்துல வந்து, இடது முட்டியப் புடிச்சு, ஒரு கண்ணை மூடி..." மச்சான் நிறுத்தினார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மேசையில உக்காரும்போது இவர் விடற அதே பெருமூச்சு. ஒரு தராசைப் பாத்து முடிவு பண்ற ஆளா நான்? எதிர்க்கடைக்கும் போனேன். அங்கயும் அதேதான். கடைக்காரன் எனக்கு ஒரு நாற்காலி போட்டான். பொழுது சாயற வரைக்கும் உக்காந்து பாத்தேன். எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "யானையுமாண்ணே?"

மச்சான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"யானையும்தான். முன்னங்கால் மட்டும்."